ராஜா பணியாரத்துக்குக் காத்திருந்த கதை

வெகு காலத்துக்கு முன்னால் மருதவெளி நாட்டைக் கோதண்டமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. காலையில் வேட்டை, மாலையில் விருந்து, நடுவில் யாருக்காவது பரிசு, யாருக்காவது கசையடி. அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அது.

ஜனம் பெருகிக் கோட்டைக்குள் இடம் போதாமல், மதிலுக்கு வெளியே கோட்டைப்புறம் என்று ஒரு புதுக் குடியிருப்பு முளைத்தது. ஒரு தெருவுக்கு ராஜா பெயர், ஒரு தெருவுக்கு ராணி பெயர், இன்னொன்றுக்கு ராஜாவின் குதிரை பெயர். பெயர் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. தெருமுனையில் ஒரு கல்தொட்டி. ஏரியிலிருந்து அதற்குத் தண்ணீர் வரும். எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. மூன்று நாளைக்கு ஒரு முறை, மதகுக்காரனுக்கு மனம் வரும்போது. ஒரு நாள் கோலம் போடும் நேரத்தில், ஒரு நாள் உச்சி வெயிலில். அரை நாழிகைதான் ஓடும். குடத்தோடு ஆள் நிற்காத வீட்டுப் பங்கு அடுத்த தெருவுக்குப் போய்விடும். விதியை எழுதியவர் நீர்வாரியத் தலைவர் பராங்குசர். எழுதியவரா நின்றார்? நின்றதெல்லாம் பெண்கள்.

குதிரைத் தெருவில் தில்லைநாயகி என்று ஒருத்தி. வீட்டுக்காரர் அரண்மனைத் தானியக் கிடங்கில் எழுத்தர். ஒரே மகளை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் போனால் சம்பந்தியம்மாள் வாசலிலேயே கேட்டுவிட்டாள்: "எப்போது தண்ணீர் வரும் என்றே தெரியாத வீட்டிலா என் மருமகள் பிள்ளை பெறுவாள்? இங்கேயே இருக்கட்டும்."

திரும்பி வந்தவள் நேரே அரசவைக்குப் போனாள்.

"மகாராஜா, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிற நேரத்தைச் சொல்லுங்கள் என்கிறேன்."

பராங்குசருக்கு ராஜாவிடம் வேறு யாரும் நாலு வார்த்தை பேசினாலே பொறுக்காது. "பிரபு, அளவில் ஒரு குடம் குறைந்ததா என்று கேளுங்கள். குறையவில்லை. இந்த அம்மணிக்கு வேறு என்ன வேண்டுமாம்?"

ராஜாவுக்கும் விளங்கவில்லை. "ஏனம்மா, நீங்கள் எல்லாரும் வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள்? வரும்போது பிடித்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?"

அவையே தலையாட்டியது. தில்லைநாயகிக்குக் காதுமடல் சுட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"மகாராஜாவுக்குப் பால் பணியாரம் பிடிக்கும் என்று கேள்வி. என் கைப்பக்குவத்தில் செய்து கொண்டுவருகிறேன். மூன்று நாளைக்குள் வருவேன். எப்போது என்று சொல்ல மாட்டேன். கிழக்கு வாசலில் தாங்களே நின்று கைநீட்டி வாங்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பங்கு அடுத்த இடத்துக்கு. நான் வைத்த விதியில்லை, வாரியத்தின் விதி."

"எங்கள் பிரபு ஆறு மாதம் கோட்டையை முற்றுகையிட்டுக் காத்திருந்தவர். பணியாரத்துக்கா அசந்துபோவார்?" என்று சிரித்தார் பராங்குசர்.

"வாங்கிவிட்டால் நீ வாய் திறக்கக் கூடாது. தவறவிட்டால் கேட்டதைத் தருகிறேன்" என்றார் ராஜா.

முதல் நாள் வேட்டை போயிற்று. வாசலில் ஆசனம் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடவும் பயம், பணியாரத்துக்கு வயிற்றில் இடம் வேண்டாமா? இரண்டாம் நாள் அண்டை நாட்டுத் தூதர் வந்தார். அவர் எல்லைத் தகராறைச் சொல்லச் சொல்ல, மெட்டி சத்தம் கேட்டபோதெல்லாம் ராஜா எழுந்து ஓடினார். தூதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நாவிதர் ஒரு பக்கக் கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் யாரோ மோர்க்காரி வர, மறுகன்னம் அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டார். எண்ணெய் கண்ணில் இறங்கியது. பக்கத்தில் நின்ற பராங்குசரைக் கேட்டார், "ஐயா, குளித்துவிட்டு வரட்டுமா?"

"தாராளமாக, பிரபு. அவள் இனி எங்கே வரப்போகிறாள்? ஒரு நொடி வேலை" என்றார் பராங்குசர்.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள், அந்த நொடியில்தான் வரும் என்று. தில்லைநாயகி தூக்கோடு வந்தாள். வாசலில் ஆசனம் காலி. அடுத்த இடம் யானைக்கொட்டில். பாகனும் அவன் பெண்டாட்டியும் பாலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

ஈரத்துணியோடு ஓடிவந்த ராஜா கொதித்தார். "மூன்று நாள்! வேட்டை இல்லை, தூக்கம் இல்லை, ஒரு காரியம் ஓடவில்லை. வருகிற நேரத்தைச் சொன்னால் உனக்கு என்ன குறைந்துபோகும்?"

"அளவு குறையவில்லையே, மகாராஜா. மூன்று நாளும் அரண்மனையில் சும்மாதானே உட்கார்ந்திருந்தீர்கள்? வரும்போது வாங்கிக்கொள்வதில் என்ன கஷ்டம்?"

வாசலில் கூடியிருந்த அவையோரில் ஒருவரும் தலையாட்டவில்லை. ராஜா மழிக்காத கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார், "எந்த நேரம் உங்களுக்குத் தோது?"

கோட்டைப்புறம் உண்டான நாளிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை.

"சூரியன் உதித்து இரண்டாம் நாழிகை. ஆண்களும் வேலைக்குக் கிளம்பியிருக்க மாட்டார்கள்."

அதன்படியே மதகு திறக்கவும், திறக்குமுன் மதில்மேல் முரசு கொட்டவும் உத்தரவாயிற்று. பராங்குசர் ஆறு மாதம் குதிரைத் தெருவில் குடியிருந்து தம் குடத்தைத் தாமே தூக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. ராஜா முத்துமாலையைக் கழற்றினார். தில்லைநாயகி அதை வாங்கவில்லை. மெத்தை போட்ட கூண்டு வண்டி ஒன்று கேட்டாள்.

அடுத்த தண்ணீர் நாளில் அவள் அக்கரையில் இருந்தாள். சம்பந்தியம்மாளிடம் நாழிகையைச் சொல்லி, மகளை வண்டியில் ஏற்றி மெதுவாக அழைத்துவந்தாள். வீட்டில் அண்டாவிலிருந்து சொம்புவரை ததும்பியது. வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு குடம் என்ன கனம் கனக்கிறது தெரியுமா, ஐயா?" ஏதோ அவர்தான் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி.