அரிசிப் பின்னல்

குன்னூரில் ஸ்டெல்லாவிடம் பின்னல் படிக்க வந்தவர்களில் ஆண் என்று ஒருவர்தான் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தணிகாசலம். ஸ்டெல்லாவுக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கூட வந்த பெண்கள் கொஞ்ச நாள் சிரித்துப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை என்றதும் ஓய்ந்துவிட்டார்கள்.

குளிர் ஊர்க்காரர். மஃப்ளர் பின்னத் தெரியும், அது ஒன்றுதான் தெரியும். இப்போது பருத்தி நூலோடு வந்து நின்று, வெயிலுக்குப் போடுகிற மாதிரி மெல்லிசாக ஒரு டாப் பின்ன வேண்டும் என்றார்.

“குன்னூர்ல ஏதுங்கய்யா வெயில்?”

“வேலூர்ல இருக்கு டீச்சர். என் பொண்ணு தேன்மொழி அங்கதான் இருக்கா. கழுத்தெல்லாம் வேர்க்குருன்னு அவங்க அம்மாகிட்ட சொன்னாளாம்.”

“உங்ககிட்ட சொல்லலையா?”

தணிகாசலம் நூற்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா அரிசிப் பின்னலைச் சொல்லிக்கொடுத்தாள். அரிசியை இறைத்துவிட்ட மாதிரி துணி முழுக்கப் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும். உடம்போடு ஒட்டாது, காற்று போகும். ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. முதல் வரிசையில் ஒரு கண்ணி மேடு, அடுத்த கண்ணி பள்ளம். திரும்பி வரும்போது மேடு தெரிகிற இடத்தில் பள்ளம் போட வேண்டும், பள்ளம் தெரிகிற இடத்தில் மேடு. அவ்வளவுதான் வித்தை.

மறுநாள் அவர் கொண்டுவந்த துண்டில் ஒரு அரிசியும் இல்லை. நெட்டுக்குக் கோடு கோடாக ஓடியிருந்தது. துணி சுருங்கி இறுகிப் போயிருந்தது.

“இது மஃப்ளருங்கய்யா. வேலூர்ல இதைப் போட்டா புள்ளைக்கு மூச்சு முட்டும்.”

பிரித்தார். மறுபடி பின்னினார். மறுபடியும் கோடுதான்.

“கண்ணுக்குத் தெரியுது டீச்சர், கைதான் கேக்க மாட்டேங்குது. மேட்டைப் பார்த்ததும் அதும்மேல மேடே போடுது.”

“மேட்டுக்கு மேடு போட்டா கோடுதான் விழும்,” என்றாள் ஸ்டெல்லா. “முடிச்சதும் நேர்ல கொண்டுபோய்க் குடுப்பீங்களா?”

“அவங்க அம்மா கூரியர்ல போடுவா. கடையில வாங்கினதுன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்.”

“ஏன்?”

அவர் ஊசிகளை மடியில் வைத்தார்.

“கல்யாணத்தை அவ இஷ்டத்துக்குப் பண்ணிக்கிட்டா. வாசல்ல நின்னு, நீங்க கூப்பிட்டாத்தான் வருவேன்னு சொன்னா. நீயா வந்தாத்தான் பேசுவேன்னு நானும் சொல்லிட்டேன்.”

“அப்புறம்?”

“அவ வரலை. நான் கூப்பிடலை. அவங்க அம்மா ஸ்பீக்கர் போட்டு அவகூட பேசுறப்போ பக்கத்து ரூம்ல நின்னுக்குவேன். என்ன பேசுறான்னு விளங்காது. சிரிக்கிறது மட்டும் கேக்கும்.”

அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை அப்பா என்று அவள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல்தான் கடைக்குப் போய் நூல் வாங்கியிருந்தார்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். சின்னவ அவ. அவதானே முதல்ல இறங்கி வரணும்?”

ஸ்டெல்லா பின்னலை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஒரு கண்ணியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இது என்ன?”

“மேடு.”

“இப்ப என்ன போடணும்?”

அவர் சற்று யோசித்தார். “பள்ளம்.”

“போடுங்க.”

போட்டார். அடுத்த கண்ணிக்கும் ஸ்டெல்லா கேட்டாள், அவர் சொல்லிவிட்டுப் போட்டார். பாதி வரிசைக்கு மேல் அவள் கேட்கவில்லை, அவரே முணுமுணுத்துக்கொண்டு பின்னினார். இன்னும் சில வரிசைகள் ஏறியதும் துணி இளகி விரிந்தது. அதில் பொடிப் பொடியாக அரிசி எழும்பியிருந்தது.

தணிகாசலம் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்போ முதல்ல யாரு இறங்கணும் டீச்சர்? அவளா, நானா?”

“ஊசி இப்ப யார் கையில இருக்குங்கய்யா?”