கரையாளர் பட்டமும் சொல்லக் கூடாத பேரும்

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி, அந்த ஏரிக்கு ஒரு ராசா. போர்வையை இழுத்துக்கோ, கால் வெளியே கிடக்கு பாரு. ம், கேளு. ராசாவுக்கு அடுத்து நாடாள வர்ற பிள்ளைக்கு 'கரையாளர்'னு ஒரு பட்டம். தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல இருந்து வர்றது. பட்டம் கட்டிட்டா, பெத்தவங்க வச்ச பேரை அப்புறம் யாரும் சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது.

மூத்த மகன் நல்லநம்பிக்குப் பத்து வயசுல பட்டம் கட்டினாங்க. மறு வருஷமே காய்ச்சல்ல போயிட்டான். ராணி அவன் மேல விழுந்து, "கரையாளரே... கரையாளரே..."ன்னுதான் அழுதா. பெத்த பிள்ளையைப் பேர் சொல்லி அழ முடியல. அன்னிக்கு மூடின வாயை அவ அப்புறம் சரியாத் திறக்கவே இல்ல. சோறும் ரெண்டு வாய்தான்.

தங்கச்சி செவந்தி இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்போ பட்டம் அவளுக்கு வந்துச்சு. புதுக் கரையாளர் ஏரி மதகுல உட்கார்ந்து ஒரே ஒரு ஆணை போடலாம். ராசாவே அதை மாத்த முடியாது. அண்ணன் பேரை அம்மா வாய்விட்டுச் சொல்லணும், அவளுக்கு அது ஒன்னுதான் வேணும். அதுக்காகத்தான் பட்டத்துத் தலைப்பாகைக்குத் தலையைக் குனிஞ்சா.

ஆனா கோயில்ல இருந்து மதகு வரைக்கும் கரை மேல நடக்கணும். வழியில மூணு பேரு கடைசித் தடவையா அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஒரு தடவை திரும்பினாலும் பட்டம் ராசாவோட தம்பி, அவ சித்தப்பாவுக்குப் போயிடும்.

டம் டம் டம்னு முரசு அடிச்சாங்க. நடந்தா. அப்போ கூட விளையாடுற பொண்ணு, "ஏய் செவந்தி! முதுகுல தேளுடி!"ன்னு கத்துனா. முதுகெல்லாம் சிலிர்த்துச்சு. திரும்பல.

அப்புறம் தொப்புன்னு ஒரு சத்தம். "செவந்திக் கண்ணு, விழுந்துட்டேன், கை கொடு தாயி!" வளர்த்த ஆயா ராக்கம்மா குரல். நிசமா விழுந்தாளோ என்னவோ. கண்ணுல தண்ணி முட்டுச்சு. நடந்தா.

"கிழவியைத் தூக்காதவ நாட்டைத் தாங்கப் போறாளாக்கும்!"னு சித்தப்பா சிரிச்சாரு. அதுக்கும் திரும்பல.

மூணாவதா பெத்தவ கூப்பிடணும். சத்தமே காணோம். ஏரித்தண்ணிதான் சளக் சளக்குனு கரையில மோதுது. ம் சொல்லு, முழிச்சிருக்கியா?

"செவந்தீ..."

சோறூட்டக் கூப்பிடுற மாதிரி மெதுவா. இந்தக் குரல் இந்தப் பேரை இனிமே சொல்லாதுன்னு செவந்திக்குத் தெரியும். கால் நின்னுபோச்சு. கழுத்து தானாத் திரும்பப் பார்த்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு அடி வச்சா. அப்புறம் இன்னொரு அடி. மதகுக் கல்லுல போய் உட்கார்ந்தா.

"ஆணை சொல்லுங்க, கரையாளரே"ன்னாரு ராசா.

"செத்துப்போன கரையாளருக்கு அவரோட பேரைத் திருப்பிக் கொடுங்க."

ராணி நடந்து வந்தா. அப்புறம், "நம்பீ... என் நல்லநம்பீ..."ன்னு அலறுனா பாரு, ஏரியில இருந்த கொக்கெல்லாம் படபடன்னு எழும்பிடுச்சு. அழுது ஓய்ஞ்சு, மக கையைப் பிடிச்சா.

"ஒரே ஆணைதானே கரையாளரே. உங்க பேரைக் கேட்டிருக்கலாமே?"

"அண்ணனால வந்து கேக்க முடியாதேம்மா."

அவ்வளவுதான் கண்ணு. கதை கரை சேர்ந்துச்சு, நீ கண்ணை மூடு.