ஏழாவது டப்பா

மில்லிலிருந்து வந்த குளியல் மாவு இன்னும் சுட்டது. வல்லி அதை அள்ளி அள்ளி டப்பாவில் அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சுகம், இதுல எது புள்ளைக்கு ஆகாது?"

அஞ்சுகம் மாவு மில் நடத்துகிறவள். வல்லியைவிட ஐந்து வயது சின்னவள். ஆனாலும் எதை எவ்வளவு சேர்ப்பது என்று வல்லி படித்தது அவளிடம்தான். அரைத்த மாவைக் கொடுக்க வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்க்கா?"

"காலையில பாக்கிறேன், பாப்பா கழுத்து மடிப்பெல்லாம் செவசெவன்னு கிடக்கு."

"டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"காட்டிட்டு வந்தேன். களிம்பு குடுத்தாங்க. மாவை நிறுத்தச் சொன்னாங்க."

"நிறுத்தச் சொன்ன மாவை எதுக்கு இந்தப் பாடு படுத்துறீங்க?"

வல்லியின் கை நிற்கவில்லை.

போன மழைக்கு மாவு தீர்ந்துபோய், கடைச் சோப்பு போட்டு, பாப்பாவின் தோல் வறண்டு வெடித்திருந்தது. அன்று பிடித்த பயம். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் காயவைத்தாள், அரைத்தாள், அடைத்தாள். வருஷத்துக்கும் வரும் என்று ஏழு டப்பா. அது போதாது என்று இப்போது எட்டாவது.

"பூலாங்கிழங்கா இருக்குமோ? ஆவாரம்பூவா?"

"ஒரு கண்ணாடி டம்ளர் குடுங்க."

கொடுத்தாள். அஞ்சுகம் பாதி டம்ளர் சுடுமாவை அள்ளிப் போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தாள்.

"என்ன செய்றே?"

"சும்மா இருங்கக்கா."

இருந்தார்கள். உள்ளே தொட்டிலில் பாப்பா ஒரு தரம் முனகி அடங்கியது.

டம்ளரின் உள்பக்கம் மங்கியது. அஞ்சுகம் தட்டை எடுத்து, அதன் உள்பக்கத்தை வல்லியின் உள்ளங்கையில் வைத்தாள்.

ஈரம்.

"மில்லுல இருந்து வந்ததும் அடைச்சிருவீங்களோ?"

"எறும்பு வந்திரும்ல. காத்து பட்டா வாசம் போயிரும்ல."

"நேத்துப் போட்ட மாவு எப்படி இருந்துச்சு?"

"ஒரு மாதிரி வாடை. வெட்டிவேர் வாசம்னு நெனச்சேன்."

"பரண்ல இருக்கிறதைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல." வல்லியின் குரல் இறங்கிப்போனது. "பயமா இருக்கு."

அஞ்சுகமே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினாள். முதல் டப்பாவின் மூடியைத் திறந்ததும் நனைந்த சாக்கின் நாற்றம். மாவு கட்டிதட்டி, மேலே பச்சையாகப் படர்ந்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஐந்தும் அப்படித்தான்.

"புழங்குற டப்பாவோட ஆறு. ஏழாவது எங்கக்கா?"

வல்லி முந்தானை நுனியைத் திருகினாள்.

"எதிர்வீட்டு மரகதத்துக்கு. நேத்து சாயங்காலம் குடுத்தேன். புள்ள பொறந்து பதினோரு நாள். வாய் விட்டுக் கேட்டா, எப்படி இல்லேங்கிறது?"

"டாக்டர் சொன்னதை அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்வேன்? என் மாவுன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கா. அவ மாமியா வாசல்ல நின்னு என்னை ஏசுனா நான் என்ன ஆவேன்? அவ போடுறதுக்குள்ள மெதுவா, வேற ஏதாச்சும் சொல்லித் திருப்பி வாங்கி..."

அஞ்சுகம் தட்டை எடுத்து மறுபடியும் டம்ளரை மூடினாள். அதை வல்லிக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

வல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் ஒரு துளி திரண்டது. வழிந்து மாவுக்குள் இறங்கியது.

"வல்லிக்கா." தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து மரகதம் கூப்பிட்டாள். "வெந்நி விளாவியாச்சு. புள்ளைக்கு மாவு எத்தனை கரண்டி போடட்டும்?"

வல்லியின் குரல் இதுவரை வாசற்படி தாண்டியதில்லை. தெருவில் தண்ணீர் லாரிக்கு ஊரே குடத்தோடு நின்றது. மரகதத்தின் மாமியாரும் நின்றாள்.

வல்லி எழுந்த வேகத்தில் டம்ளர் உருண்டது. தட்டு எங்கேயோ போனது.

"போடாதே மரகதம்," படியிறங்கி ஓடிக்கொண்டே கத்தினாள். "அது பூசணம் புடிச்ச மாவு, எம்மேலதான் தப்பு, நான்தான் சூட்டோட அடைச்சு வெச்சுட்டேன்."