தைப்பூசத்தன்று திவான் நடந்த கதை

ஒரு சமஸ்தானத்தில் தாண்டவராயர் என்று ஒரு திவான். திமிருக்குக் குறைச்சலே இல்லை. பல்லக்குத் தூக்கும் மாடக்கண்ணு, மகள் பிழைத்ததற்காக நேர்ந்த காவடியை எடுக்கத் தைப்பூசத்துக்கு லீவு கேட்டான்.

"உன் சாமிக்குச் சர்க்கார் லீவு விடணுமாடா?" என்று சீறிய திவான், தண்டோராவே போட்டுவிட்டார்: கோயில் விசேஷமெல்லாம் இனி வேலைநாள், சர்க்கார் ஆளும் பொருளும் சர்க்கார் வேலைக்கு மட்டுமே.

பூசத்தன்று பட்டு உடுத்திப் பல்லக்கில் ஏறினார். "கோயிலுக்கு விடுங்கடா. நேரம் தப்பினா என் பரிவட்டம் வேற தலைக்குப் போயிடும்!"

பல்லக்கு சர்க்கார் அலுவலகமான கச்சேரியின் வாசலில் இறங்கியது.

"இங்க ஏண்டா?"

"வேலைநாளுங்களே எசமான். சர்க்கார் பல்லக்கு கோயிலுக்குப் போகலாமுங்களா?" என்றான் மாடக்கண்ணு.

கூடியிருந்த சனம் சிரித்தது.

"சரி, இன்னிக்கு எல்லாருக்கும் லீவு! தூக்குடா!"

"அப்போ எங்களுக்கும் லீவுதானுங்களே," என்று துண்டை உதறிய மாடக்கண்ணு, காவடி எடுக்கப் புறப்பட்டான். பல்லக்குத் தூக்கிய மற்ற மூவரும் அவனோடு நடந்தார்கள்.

பின்னாலேயே, பட்டு புழுதியில் புரள, பரிவட்டத்துக்காக மூச்சிரைக்க ஓடினார் திவான்.