தவசி தூக்கிய சால்

வெகு காலத்துக்கு முன்னால் ஒரு ராஜா இருந்தார். அவர் பெரிய ஏரி ஒன்றை வெட்டினார், இரண்டு சட்டம் போட்டார், போய்ச் சேர்ந்தார். நமக்கு வேண்டியது அந்த இரண்டு சட்டம்தான். காதைக் கொடுத்துக் கேளுங்கள், அப்புறம் என்னைக் கேள்வி கேட்டுக் குடையக் கூடாது.

முதல் சட்டம்: ஏரிக்கரை மேல் நடந்து போகிற எவரும், கரை தேய்ந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டாவது சட்டம்: மடையை அடைத்திருக்கும் கல்லை எவன் தூக்குகிறானோ, அவனே மடைக்காவலன். கரை மேல் இருக்கும் காவல் வீடு அவனுக்குத்தான். மடைக்குழியில் ஒரே ஒரு ஆள்தான் நிற்க முடியும். அதனால் கூட்டாளி வைத்துக்கொண்டு தூக்குகிற பேச்சே கிடையாது.

அந்த வீட்டில் மூக்கன் என்கிற காவலன் இருந்தான். வருஷா வருஷம் கல்லைத் தூக்கினவன், ஒரு மாசியில் வாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டான். ஐப்பசி மழையில் ஏரி நிறையும்போது வேறு எவனாவது கல்லைத் தூக்கினால், மூக்கனைப் பாயோடு வெளியே தூக்கிப் போக வேண்டியதுதான். மழையில், அந்த உடம்போடு.

மூக்கனுக்கு ஒரே மகன், தவசி. ஆள் எப்படி என்கிறீர்களா? முருங்கைக் குச்சி மாதிரி. ஊர் எருமைகளை மேய்க்கிறவன். எருமை தும்மினாலே இரண்டடி தள்ளி நிற்பான்.

ஆனால் அப்பனைப் பார்க்கப் பார்க்க, இந்த ஐப்பசிக்குத் தானே அந்த மடைக்கல்லைத் தூக்குவது என்று முடிவு கட்டினான். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பழைய தோல் சால் ஒன்றை எடுத்தான். அதில் கொஞ்சம் மண்ணை அள்ளிப் போட்டான். ஊரார் பார்த்தால் சிரிப்பார்களே என்று, விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, கரையில் ஒரு பள்ளமான இடத்தில் நின்று அதைத் தூக்கினான். தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். வெளிச்சம் வருவதற்குள் சாலை அங்கேயே விட்டுவிட்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஒரு மாதம் ஆயிற்று. சால் கனம் குறையவில்லை. முதல் நாள் எப்படி மூச்சு வாங்கியதோ, அப்படியேதான் வாங்கியது.

தவசிக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் தூக்குகிற சாமான், நாளாக நாளாக லேசாகத்தானே ஆக வேண்டும்? வைத்தியரிடம் போனான். "கொள்ளு தின்னுடா" என்றார். தின்றான். சால் கனத்தது.

பூசாரியிடம் போனான். "யாரோ உன் பேர்ல கண்ணு வச்சிருக்காங்க" என்று தாயத்துக் கட்டினார். கட்டிக்கொண்டு தூக்கினான். சால் அப்போதும் கனத்தது.

மலையாண்டியிடம் போனான். மலையாண்டி யார் தெரியுமா? ஊரிலேயே பெரிய பலசாலி, காவல் வீட்டின் மேல் கண்ணாக இருப்பவன். முச்சந்தியில் ஒரு உருண்டைக் கல்லை வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கத் தூக்குவான். தையில் முக்கித் தூக்கின கல்லை, ஆடியில் பூசணிக்காய் போலத் தூக்கினான். புரட்டாசியில் அதை வைத்துப் பந்தாடினான்.

"எனக்குப் பாரு, இந்தக் கல்லு பஞ்சாட்டம் ஆயிடுச்சு. உனக்கு இன்னும் அதே கனமா? அப்போ உன் உடம்பு வாகு அவ்வளவுதான் தம்பி. பேசாம மூட்டையைக் கட்டு" என்றான் மலையாண்டி.

தவசி தலையைச் சொறிந்துகொண்டே திரும்பினான். எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் தேய்கிறேனா? மண்ணுக்கு உயிர் வந்துவிட்டதா? அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் மறுநாள் விடியுமுன் போய் நின்றான். அப்பன் படுத்துக் கிடக்கிறாரே, வேறு என்னதான் செய்வான் பாவம்!

ஐப்பசி வந்தது. மழையென்றால் மழை, அப்படி ஒரு மழை. ஏரி தளும்பிக் கரை ஓரமெல்லாம் கசிந்தது. ஊரே கூடிவிட்டது.

முதலில் மலையாண்டி மடைக்குழியில் இறங்கினான். கல்லின் வளையத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இரண்டாம் முறை இழுத்தான், கல் லேசாக ஆடியது. மூன்றாம் முறை பல்லைக் கடித்து இழுத்தான். அரை அடி எழும்பிய கல், கை நழுவித் தொப்பென்று பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. மலையாண்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேலே ஏறினான். முச்சந்திக் கல் லேசான பிறகு வேறு கல் தேடாதவன், வேறென்ன செய்வான்?

"இன்னும் யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஊர்த்தலைவர் கத்தினார். தவசி மெல்ல இறங்கினான். "அட, இவன் எதுக்கு இறங்கறான்?" என்றது கூட்டம். அவனுக்கும் அதே சந்தேகம்தான்.

வளையத்தைப் பிடித்தான். சாலைத் தூக்குகிற மாதிரியே மூச்சை அடக்கித் தூக்கினான். கல் சட்டென்று கையோடு வந்துவிட்டது! வந்த வேகத்தில் தடுமாறிக் கரைச்சுவரில் சாய்ந்தான். மடையில் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. ஊர் கூச்சலிட்டது.

தவசி மட்டும் திருதிருவென்று விழித்தான். "கல்லை மாத்திட்டீங்களா? இது வேற கல்லு" என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டான்.

வீட்டுக்குள் படுத்திருந்த மூக்கனுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "மடை திறந்துடுச்சே, யாரு தூக்கினது?" என்றான். "உம்ம மவன்தான்" என்றாள் மனைவி. மூக்கன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

மழை விட்டு நன்றாக வெயில் காய்ந்த பிறகு, தவசி வெளிச்சத்திலேயே கரைக்குப் போனான். இனி யாருக்கு ஒளிய வேண்டும்? சாலைத் தூக்கிப் பார்த்தான். அம்மாடி, அதே கனம்! மடைக்கல்லைத் தூக்கின கைக்கு இந்தத் தோல் சால் லேசாகவில்லையே. தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்போது மோர்க்கார அங்கம்மா பானையோடு வந்தாள். குனிந்து ஒரு கைப்பிடி மண் எடுத்தாள். தவசியின் சாலில் போட்டாள்.

"என்னக்கா பண்றே?" என்று தவசி அலறினான்.

"ஏன்டா கத்தறே? கரை தேஞ்ச பள்ளத்துல சாலு வச்சிருக்கியே, மண்ணு போடத்தானே வச்சே? பங்குனி மாசத்துலேருந்து சந்தைக்குப் போற சனமெல்லாம் இதுலதான் போடுது" என்றாள் அவள்.

தவசி சாலுக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் கொஞ்சமாகப் போட்ட மண், இப்போது கழுத்து வரை நிறைந்திருந்தது. இருட்டில் வந்து இருட்டில் போனவனுக்கு அது எப்படித் தெரியும்? அதுவும் நாளுக்கு நாலு பிடி ஏறினால், தினம் தூக்குகிற கைக்கே தெரியாது. உங்கள் தலைமுடி வளர்வது உங்களுக்குத் தெரிகிறதா என்ன?

அவன் முதலில் திகைத்தான். பிறகு சிரித்தான். பிறகு விக்கி விக்கி அழுதான். மண்ணைத் தேய்ந்த கரையில் கொட்டினான். பள்ளம் மேடாகியது. நல்ல மண்ணாகப் பார்த்துத் தானே அரைச் சால் அள்ளிப் போட்டு, அதே இடத்தில் வைத்தான்.

"நாளைக்கும் வந்து போடுக்கா" என்றான்.

இதனால் நாம் தெரிந்துகொள்வது என்னவென்றால், விடாமல் உழைக்கிறவனுக்குப் பாரம் குறையவே இல்லை என்று தோன்றினால், அவன் தேயவில்லை, அவனோடு சேர்ந்து அவன் பாரமும் வளர்ந்திருக்கிறது.