குனியாத வண்டி

மேட்டுப்பாளையத்தில் பிரேக் பட்டறை வைத்திருப்பவர் ஹபீப் பாய். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ளும் திருமூர்த்தி அவரைவிட மூத்தவர். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, தலை நரைத்த வயதில் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். குரு சீடரை "அண்ணா" என்பார். சீடர் குருவை "பாய்" என்பார். யார் யாரிடம் கற்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் குழப்பம் கிடையாது.

திருமூர்த்திக்குக் கேள்வி அதிகம். பாய்க்குப் பேச்சு குறைவு. அதனால் சண்டை வராமல் காலம் ஓடியது.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கோத்தகிரி மலையிலிருந்து போஜனின் பிக்கப் இறங்கி வந்து பட்டறை முன்னால் நின்றது. பின்னால் கேரட் மூட்டைகள். முன் சக்கரங்களிலிருந்து புகை.

திருமூர்த்திக்கு முகம் சுருங்கிவிட்டது. போன வாரம் அந்த வண்டியைச் சரிசெய்து அனுப்பியவர் அவர்தான்.

அது பழைய பிக்கப். பின் சக்கரங்களுக்கு மட்டும் ஏ.பி.எஸ். உண்டு. ஈரத் தரையில் பிரேக்கை அழுத்தும்போது பின் சக்கரம் உருளாமல் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப் பூட்டிக்கொள்ளாதபடி விட்டு விட்டுப் பிடிக்க வைப்பதுதான் அந்த ஏ.பி.எஸ். பெட்டியின் வேலை. போன வாரம் அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திருமூர்த்தி சென்சாரில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்தார், அறுந்த ஒயரை மாற்றினார், விளக்கு அணைந்தது. அன்றைக்கு அவர் சாப்பிட்ட டீக்கு ருசியே தனி.

"மறுபடியும் விளக்கு எரியுதுங்களா?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"விளக்கு எரியலைங்க. வண்டிதான் நிக்க மாட்டேங்குது. காலையில ஒரு வளைவுல பள்ளத்துப் பக்கமே போயிட்டேன். கல்லுல முட்டி நின்னுச்சு" என்றார் போஜன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி மாதி, மடியில் கையை வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்திருந்தார். எந்த லோடு ஆனாலும் மனைவியை அழைத்து வருவது போஜனின் வழக்கம். 'பொண்டாட்டிக்கு ஊர் சுத்திக் காட்டிக்கிட்டே தொழில் பண்றார், அந்தாளுக்கென்ன ஜம்முனு இருக்கார்' என்று திருமூர்த்தி போன வாரம்கூடச் சொல்லியிருந்தார்.

திருமூர்த்தி குனிந்து புகையும் சக்கரத்தைப் பார்த்தார். அந்த வளைவில் கல் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள்.

"மண்டியில லோட எறக்கிட்டு வந்துடுங்க. ஜாக்கி போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

"எறக்க வேண்டாம்" என்றார் பாய்.

பட்டறையில் எப்போதும் காலி வண்டியைத்தான் பார்ப்பார்கள். தூக்க எளிது, அடியில் படுக்கவும் பயமில்லை. போன வாரமும் காலியாகத்தான் பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்ததும் காலியாகத்தான்.

"அண்ணா, வண்டிக்குப் பின்னால போய் நின்னு பாருங்க. எப்படி நிக்குது?"

திருமூர்த்தி போய்ப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார்.

"ஜம்முனு நிக்குதுங்க பாய். பாரம் இருக்கறதே தெரியல."

போஜனுக்குப் பெருமை. "பட்டை சேத்திருக்கேங்க. எவ்வளவு ஏத்தினாலும் குனியாது" என்றார்.

மலையில் அப்படி ஒரு பழக்கம். பாரம் ஏற்றிய வண்டி பின்னால் குனிந்தால், வண்டி ஓய்ந்துவிட்டது என்று அடுத்த லோடை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பின் அச்சின் மேல் பாரத்தைத் தாங்கும் வில்லில் கூடுதலாக இரும்புப் பட்டைகளைச் செருகி, குனியாமல் வைத்துக்கொள்வார்கள்.

"இப்ப அடியில போய், பின் அச்சுக்கு மேல ஒரு கம்பி இருக்கும். அதப் பாருங்க" என்றார் பாய்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு திருமூர்த்தி அடியில் போனார். அச்சிலிருந்து மேலே ஒரு சின்ன வால்வுக்குப் போகும் கம்பி அது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"பாய், இது போன வாரம் காலி வண்டியில எங்க இருந்துச்சோ, இப்பவும் அங்கயேதான் இருக்குது."

"வண்டி குனிஞ்சா அந்தக் கம்பி நகரும். நகர்ந்தா வால்வு தொறந்து, பின் சக்கரத்துக்குப் பிரேக்கை அதிகமா அனுப்பும். குனியலன்னா வண்டி காலின்னு நெனச்சுக்கும்."

"அப்ப பின் சக்கரத்துக்குப் பிரேக்கே போகலைங்களா?"

"காலி வண்டிக்குப் போற அளவுதான் போகுது. அத்தன கேரட்டையும் முன் சக்கரம் மட்டும் இழுத்துப் பிடிக்குது. அதான் புகை."

"நான் சரி பண்ணின ஏ.பி.எஸ்.?"

"நல்லாத்தான் இருக்கு. பின் சக்கரம் அழுத்திப் பிடிச்சாத்தான அதுக்கு வேலை? இன்னும் அதோட முறையே வரல."

பாயே வண்டியை மெதுவாக மண்டிக்கு ஓட்டிப்போய், கேரட்டை இறக்கிவிட்டு வந்தார். பட்டையைக் கழற்ற வேண்டும். வண்டியைத் தூக்கும்போது ஆள் உள்ளே இருக்கக்கூடாது.

"அக்கா, கீழ எறங்குங்க" என்று திருமூர்த்தி கதவைத் திறந்தார்.

மாதி அசையவில்லை. அப்போதுதான் திருமூர்த்தி பார்த்தார். ஒரு வெள்ளைச் சால்வையால் மாதியின் இடுப்பை இருக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வலிக்காமல், மெத்தென்று, பல தடவை மடித்துக் கட்டிய கட்டு.

போஜன் ஓடி வந்து முடிச்சை அவிழ்த்தார்.

"ஓடற வண்டியில கதவத் தொறந்துடறாங்க. அதுக்குத்தான்" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மாதி திருமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். தெரிந்தவர்போல் தலையசைத்தார். பிறகு கையை விடவே இல்லை.

"ஒரு வருசம் ஆகப் போகுது. அடுப்பப் பத்த வச்சுட்டு மறந்துடறா. வெளிய போனா வீட்டுக்கு வழி தெரியல. தனியா எப்படிங்க விட்டுட்டு வர்றது?" என்றார் போஜன்.

"ஊர்ல யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"எதுக்குங்க? ஐயோ பாவம்னுவாங்க. நான் பாத்துக்குவேன்."

பாய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனார். திருமூர்த்தி ஒரு கையால் மாதியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பன்னை டீயில் நனைத்து நனைத்து அவருக்குக் கொடுத்தார். அன்றைக்கு அவரால் வேறு வேலை செய்ய முடியவில்லை.

கூடுதல் பட்டைகள் வெளியே வந்தன. முன் சக்கரங்களுக்குப் புதுப் பிரேக் கட்டை போட்டார்கள். மலைக்கு ஏற்றிப்போக வேண்டிய மாட்டுத் தீவன மூட்டைகளை வண்டியில் அடுக்கினார்கள். பின்பக்கம் மெல்ல இறங்கியது. அடியில் கம்பி நகர்ந்தது.

பாய் ஆற்றுப் பக்கம் இறங்கும் ஈரச் சரிவில் வண்டியை ஓட்டி, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். பின் சக்கரங்கள் சரளையைக் கவ்வின. பெடல் கடகடவென்று காலை உதைத்தது. இத்தனை நாள் சும்மா இருந்த பெட்டி வேலையை ஆரம்பித்திருந்தது. வண்டி கோணாமல் நின்றது.

திரும்பி வந்து நிறுத்தியதும் போஜன் பின்னால் போய்ப் பார்த்தார்.

"குனிஞ்சிருச்சே பாய். மண்டியில பாத்தா சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். குனிஞ்சாத்தான் பிரேக்கு வரும்" என்றார் பாய்.

போஜன் அந்த வண்டியைப் பார்த்தபடி நின்றார். மழை தூறியது. அவர் நகரவில்லை. பிறகு பட்டறையின் ஓரமாகப் போய் போனை எடுத்து, தங்கையிடம் பேசினார். படுகு மொழியில் பேசினார், இவர்கள் இருவருக்கும் புரியவில்லை. பேச்சின் நடுவில் குரல் உடைந்து, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதது மட்டும் புரிந்தது.

தங்கையும் அவள் கணவரும் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வந்ததும் தங்கை அண்ணனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் மாதியைக் கட்டிக்கொண்டாள். மாதி அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். லோடு போகிற நாளெல்லாம் அண்ணி தன் வீட்டில்தான் என்று தங்கை தமிழிலேயே சொன்னாள், இவர்களும் கேட்கட்டும் என்பதுபோல.

அவர்கள் மூவரும் பஸ்ஸில் ஏறினார்கள். போஜன் பின்னால் குனிந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனார்.

திருமூர்த்தி கழற்றிய பட்டைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவருக்கு ஆற்றாமை தாங்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கேள்வி வந்துவிட்டது.

"பாய், அவங்க ஊர்ல வீட்டுக்கு வீடு சொந்தக்காரங்க. கூப்பிட்ட உடனே ஓடி வர்ற தங்கச்சி இருக்காங்க. ஒரு வருசமா ஒருத்தர் கண்ணுக்குமா இது தெரியாமப் போச்சு?"

பாய் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"நீங்கதான பின்னால நின்னு பாத்தீங்க, அண்ணா. பாரம் இருக்கறது தெரிஞ்சுதா?"