மத்தகன் காதில் போட்ட முடிச்சு

மூங்கில் காட்டில் ஒரு யானைக் கூட்டம் இருந்தது. அதில் மத்தகன் என்ற விடலை யானைக்கு மட்டும் எதுவும் ஞாபகம் நிற்காது.

யானைக்கு மறதி! வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவன் அம்மா பிடியம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் காடு முழுக்கத் தெரிந்திருந்தது.

தந்தம் வளர்ந்த ஆண் யானை கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய்ப் பிழைக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். மத்தகனுக்குத் தந்தம் வளர்ந்துவிட்டது. கோடையும் வந்துவிட்டது.

பிடியம்மாளின் அக்காதான் கூட்டத்தின் தலைவி. அவள் சொன்னாள்: "பக்கத்துக் குளம் வத்திப்போச்சு, பிடி. உன் பையன் தனியா ஆத்துக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வரட்டும். அடையாளத்துக்கு ஒரு நாணல் கொண்டுவரணும். தண்ணிக்கு வழி தெரியாதவனை எப்படிம்மா தனியா அனுப்புறது? செத்துப்போவான்!"

பிடியம்மாளுக்கு வயிற்றைக் கலக்கியது. யானை வயிறு. கலக்கியது மலை தாண்டிக் கேட்டது.

மத்தகன் உற்சாகமாகக் கிளம்பினான். மாலையில் திரும்பி வந்தான். வாயில் பாதிப் பலாப்பழம், தும்பிக்கையில் ஒரு காட்டுக்கோழி முட்டை, முதுகில் ஒரு கிழட்டுக் குரங்கு.

"நாணல் எங்கேடா?"

"எந்த நாணல்?"

"ஆத்துக்குப் போனியா, இல்லையா!"

"ஆறா? அடடா! அதுக்குத்தான் கிளம்பினேனா! வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே போனேம்மா!"

முதுகிலிருந்து இறங்கிய குரங்கு தொண்டையைக் கனைத்தது. "நான் வைத்தியன். இது சாதாரண கேஸ். காதில் முடிச்சு போட்டுட்டா உள்ளே போனது வெளியே வராது!"

உடனே கொடிகளைக் கொண்டுவந்தார்கள். இடது காதைச் சுருட்டி ஒரு முடிச்சு, ஆற்று வழியில் இருக்கும் பாறையில் இடப்பக்கம் திரும்புவதற்கு. வலது காதில் ஒன்று, தேன்கூட்டை நோண்டாமல் இருப்பதற்கு. வாலில் ஒன்று, ஆற்றுக்காக. சித்தி ஓடி வந்து முன்னங்காலில் நாணலுக்காக ஒன்று கட்டினாள். பெரியம்மா தும்பிக்கையையே முடிச்சாகப் போட்டுவிட்டாள். "கண்டதைத் தூக்கிட்டு வரமாட்டான் பாரு!"

"இப்ப எல்லாம் ஞாபகம் இருக்காடா?" என்று கத்தினார்கள்.

"முடிச்சு போட்டது நல்லா ஞாபகம் இருக்கு!" தும்பிக்கை அடைத்திருந்ததால் குரல் பீப்பீ என்று வந்தது. "எது எதுக்குன்னுதான் தெரியலை!"

மறுநாள் காலையில் போனவனை மாலை வரை காணவில்லை. இருவாச்சிப் பறவை ஒன்று பறந்து வந்து கூச்சல் போட்டது.

"பிடியம்மா! உன் மகன் பாறைகிட்ட வால் முடிச்சைப் பார்க்கணும்னு தன்னைத்தானே சுத்திக்கிட்டிருக்கான்! மரம் ஆடுது! என் பொந்துல முட்டையெல்லாம் உருளுது!"

பிடியம்மாள் ஓடினாள். எத்தனை முறை கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. காதுதான் முடிச்சில் இருந்ததே! தும்பிக்கையும் முடிச்சில் இருந்ததால் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கால் மடங்கி, அவன் பொத்தென்று விழுந்தான்.

அவள் தும்பிக்கையால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். காட்டு வாழைத்தண்டைப் பிழிந்து வாயில் விட்டாள்.

"வேணும்னு மறக்கலைம்மா," என்றான் மத்தகன். "ஆறு ஆறுன்னு சொல்லிக்கிட்டேதான் வரேன். பாறையைப் பார்த்ததும் பாறை உள்ளே வந்துடுது. ஆறு வெளியே போயிடுது."

பிடியம்மாள் வெகுநேரம் அந்தப் பாறையையே பார்த்தாள். இத்தனை நாள் அவனைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுக்குத்தான் ஞாபக சக்தி அதிகமாயிற்றே.

"அப்படின்னா, ஆத்தைக் கொண்டுவந்து பாறைகிட்ட வெச்சுடலாம்," என்றாள்.

"தூக்க முடியுமாம்மா?" என்று அவன் நிஜமாகவே கேட்டான்.

அவள் சிரித்தாள். அவன் காதிலிருந்து அவிழ்த்த கொடியை எடுத்துப் பாறை ஓரத்து மரத்தில் கட்டினாள். கொடியின் நுனி ஆற்றுப் பக்கம் தொங்கியது. பிறகு இருவரும் சேர்ந்து நடந்தார்கள். எங்கெல்லாம் மத்தகன் கால் தானாக நின்றதோ, அங்கெல்லாம் அவனே ஒரு கொடி கட்டினான். தேன்கூட்டு மரத்தில் மட்டும் ரொம்பப் பெரிய முடிச்சாகப் போட்டான்.

"யானைக்கு வழி காட்டக் கொடியா! வெட்கக்கேடு!" என்று மேலிருந்து கத்தியது இருவாச்சி.

"வெட்கப்பட்டா தாகம் அடங்காது. போய் உன் முட்டையைப் பாரு!" என்றாள் பிடியம்மாள்.

அடுத்த நாள் அவன் தனியாகப் போனான். கூட்டமே காத்திருந்தது. பிடியம்மாளின் வயிறு மறுபடியும் இடி இடித்தது. மழை வருகிறது என்று மயில்கள் தோகை விரித்துவிட்டன.

பொழுது சாயும் நேரம். சேறு சொட்டச் சொட்ட மத்தகன் வந்தான். தும்பிக்கையில் பச்சை நாணல்! தலையில் ஒரு ஆமை!

"இது யாருடா?"

"ஒரு இடத்துல கொடி கட்ட மறந்துட்டோம்மா. அங்கே இவர்தான் நின்னு வழி சொன்னார்."

பெரியம்மா நாணலை முகர்ந்து பார்த்தாள். ஆற்று வாசனைதான். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கொடியை அவிழ்த்துடாதீங்க. எனக்கும் அந்தப் பாறைகிட்ட கொஞ்சம் குழப்பம்தான்."

மறக்கிற பிள்ளையின் காதில் முடிச்சுக்கு மேல் முடிச்சு போடாமல், அவன் கால் நின்றுபோகும் இடத்தில் ஒன்றைக் கட்டிவையுங்கள். அவன் போய்ச் சேர்ந்துவிடுவான்.